பாஸ்போர்ட் நனைந்துவிட்டது, நீங்கள் தாய்லாந்தில் இருக்கிறீர்கள்: முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான் பண்டிகை. தெருவில் நடக்கிற யார் மீதும் தண்ணீர் பீய்ச்சலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நம் ஊர்ப் பயணிகள் இடுப்புப் பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அந்தக் கூட்டத்தில் இறங்குகிறார்கள். மற்ற மாதங்களில் இதே வேலையைப் புக்கெட், கிராபி பக்கத்துத் தீவுகளுக்குப் போகும் விரைவுப் படகுகள் செய்துவிடுகின்றன. தண்ணீர் இல்லையென்றால் குழந்தையின் ஸ்கெட்ச் பேனா இருக்கிறது. பையில் கவிழ்ந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டி இருக்கிறது.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் செய்யவேண்டியதில் குழப்பம் இல்லை. காவல் நிலையம், தூதரகம் என்று கால்கள் தாமாகவே போய்விடும். சேதமடைந்தால் அப்படியல்ல. கையில் ஒன்று இருக்கிறது; பெயர் தெரிகிறது; படமும் ஏறக்குறையத் தெரிகிறது. “இதை வைத்தே போய்விடலாமே” என்ற நினைப்பு விமான நிலையம் வரை கூடவே வருகிறது. நள்ளிரவு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது கவுன்டரில் இருப்பவர் “முடியாது” என்கிறார். தூதரகம் மூடியிருக்கும்; டிக்கெட் வீணாகும். ஆகவே இந்தப் பாஸ்போர்ட் போதுமா போதாதா என்ற முடிவை விமான நிலையத்துக்குப் போகும் முன்பே, கையில் வேலை நாள்கள் மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த முடிவை எடுப்பதற்கும் அதன்படி நடப்பதற்கும்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவிலோ விசா விலக்கிலோ தாய்லாந்துக்குப் போனவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேறு நாட்டில் மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. முதல் ஒரு மணி நேரம்

நனைந்த பாஸ்போர்ட்டைக் கெடுப்பது தண்ணீரைவிட அதற்குப் பிறகு நாம் செய்யும் வைத்தியம்தான். ஓட்டல் அறையில் ஹேர் டிரையர் இருக்கும், எடுக்காதீர்கள். சூடு பட்டால், படமும் பெயரும் இருக்கும் விவரப் பக்கத்தின் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை சுருங்கி எழும். உறை எழுந்த பாஸ்போர்ட்டைப் பார்க்கும் அதிகாரிக்குத் தண்ணீர் நினைவுக்கு வராது, “படத்தை மாற்ற முயன்றிருக்கிறார்கள்” என்றுதான் தோன்றும். இஸ்திரிப் பெட்டி, வெயில், மைக்ரோவேவ் எதுவும் வேண்டாம்.

பாஸ்போர்ட்டை மெதுவாகத் திறந்து, ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுக்காமல், பிரிகிற பக்கங்களுக்கு இடையே மட்டும் மெல்லிய வெள்ளைத் தாள் வையுங்கள். மின்விசிறிக் காற்றில் நிமிர்த்தி வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். ஓரளவு காய்ந்த பிறகு கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு இருக்கட்டும். இது பாஸ்போர்ட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. பக்கங்கள் அலை அலையாக நெளிவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

காய்வதற்குள் இன்னொரு வேலை. விவரப் பக்கம், கடைசிப் பக்கம், தாய்லாந்துக்குள் நுழைந்தபோது போட்ட முத்திரை உள்ள பக்கம், வேறு நாட்டு விசா இருந்தால் அது என எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து உடனே மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். விவரப் பக்கத்தின் நகலை முன்பே வைத்திருப்பவர்கள்கூட நுழைவு முத்திரையை மறந்துவிடுகிறார்கள். முத்திரை மை ஈரத்தில் கரைந்து பரவும். நாளை தாய்லாந்துக் குடிவரவு அலுவலகத்தில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். தெருக்கோடி நகல் கடையில் லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். கிழிந்து விழுந்த துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட் நம் பெயரில் இருந்தாலும் நம் சொத்தல்ல, இந்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. அதில் நாமாகச் செய்யும் பழுதுபார்ப்பு, நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும், திருத்தல் வேலை போலவே தெரியும்.

2. இது சேதமா, வெறும் பழசா

இந்தியப் பாஸ்போர்ட் அலுவலகங்கள் சேதத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. பாஸ்போர்ட் எண்ணைப் படிக்க முடிகிறது, பெயர் தெரிகிறது, புகைப்படம் அழியவில்லை என்றால் அது பகுதிச் சேதம். அடையாளமே தெரியாதபடி கெட்டிருந்தால் முழுச் சேதம். இந்தப் பிரிவு பின்னால் தட்கல் எனப்படும் விரைவு விண்ணப்பத்தில் முக்கியமாகும். ஆனால் இன்றிரவு விமானம் ஏற முடியுமா என்பதை அது தீர்மானிக்காது. அதைத் தீர்மானிப்பவர் விமான நிறுவனக் கவுன்டரில் இருப்பவர்.

அவர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்? செல்லாத ஆவணத்தோடு ஒரு பயணியைக் கொண்டுவந்து இறக்கினால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கே அபராதம் போடுகின்றன. திருப்பி அனுப்பும் பொறுப்பும் அதன் தலையில்தான் விழும். அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. இந்தோனேசியா இதில் பெயர் பெற்ற நாடு. ஓரத்தில் சிறு கிழிசல் இருந்ததற்காகப் பாலி விமானத்தில் ஏற விடாமல் நிறுத்தப்பட்ட ஆஸ்திரேலியப் பயணிகளின் கதைகள் அந்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. பாங்காக்கிலிருந்து பாலிக்குப் போவதாகத் திட்டம் இருந்தால், நெளிந்த பாஸ்போர்ட்டோடு அதைத் தொடராதீர்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். முதலில் விவரப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகள். வரிக்கு 44 எழுத்துகளும் குறிகளும் நெருக்கமாக இருக்கும். இயந்திரம் படிப்பது இதைத்தான். இதில் ஓர் எழுத்து கரைந்திருந்தாலும் கவுன்டர் கருவி மறுத்துவிடக்கூடும். அடுத்து படம்: முகத்தின் மேல் கறை, கீறல், உறைக்குள் புகுந்த ஈரம். மூன்றாவது தையல்: விவரப் பக்கமோ அட்டையோ கழன்று ஆடுகிறதா? நான்காவது, பக்கங்களின் எண்ணிக்கை. நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் காணாமல் போயிருந்தாலும் அது பெரிய குறைதான், அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை என்பது வாதமாகாது.

புதிய மின்னணுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாவதும் உண்டு. சென்னை மண்டலத்தில் 2025 மார்ச் முதல் இவை வழங்கப்படுகின்றன. அட்டையில் சிறிய பொன்னிறச் சில்லுக் குறி இருக்கும். உள்ளே சில்லும் ஆன்டெனாவும் இருப்பதால், அட்டை மடிந்தாலோ ஊறினாலோ வெளியில் ஒன்றும் தெரியாமலேயே உள்ளே கெட்டிருக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்து, ஓரங்கள் மட்டும் நெளிந்து, அட்டையின் பொன்னெழுத்து மங்கியிருந்தால் அதைப் பழசு என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் விமான நிறுவனத்தின் நகர அலுவலகத்துக்கோ விமான நிலையக் கவுன்டருக்கோ ஒரு நாள் முன்பே நேரில் போய்க் காட்டுங்கள். தொலைபேசியில் கேட்டால் “பாஸ்போர்ட் நல்ல நிலையில் இருக்க வேண்டும்” என்ற ஒரே வாக்கியம்தான் பதிலாகக் கிடைக்கும். அவர்கள் ஏற்றுக்கொண்டால், மற்ற நாடுகளுக்கான திட்டத்தை விட்டுவிட்டு நேராக ஊர் திரும்புங்கள். சேதத்தோடு வந்திறங்கும் இந்தியக் குடிமகனைச் சென்னையில் கேள்வி கேட்பார்கள், திருப்பி அனுப்ப மாட்டார்கள். செலவும் அலைச்சலும் குறைந்த வழி இதுதான். முடிகிறவர்கள் இதைத்தான் செய்யவேண்டும் என்பேன்.

3. இரண்டு கதவுகள்: அவசரச் சான்றிதழா, புதிய பாஸ்போர்ட்டா

கவுன்டரில் ஏற்கவில்லை, அல்லது உங்களுக்கே பார்த்ததும் தெரிகிறது. இப்போது இந்தியத் தூதரகத்திடம் கேட்கக்கூடியவை இரண்டு.

முதலாவது எமர்ஜென்சி சர்டிபிகேட் எனப்படும் அவசரச் சான்றிதழ். இந்தியாவுக்குத் திரும்ப ஒரே ஒரு முறை பயன்படும் ஆவணம். அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போக முடியாது, தாய்லாந்துக்குத் திரும்ப முடியாது. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் ஓரிரு வேலை நாள்களில் கிடைத்துவிடும். கட்டணமும் குறைவு.

இரண்டாவது, சேதமடைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக மறுவெளியீடு. இது முழுப் பாஸ்போர்ட். ஆனால் இந்தியாவில் உங்கள் பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஊர் காவல் நிலைய விசாரணையும் நடக்க வேண்டும். நாள் கணக்கில் நினைக்காதீர்கள், வாரக் கணக்கில் நினையுங்கள். சில சூழ்நிலைகளில் தூதரகம் குறுகிய காலத்துக்கு மட்டும் செல்லும் பாஸ்போர்ட் தருவதும் உண்டு. அது அவர்கள் முடிவு, நம் உரிமை அல்ல.

சுற்றுலாப் பயணிக்கு என் யோசனை: அவசரச் சான்றிதழ். “வந்தது வந்தோம், இங்கேயே புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு போவோம்” என்பவர்கள் ஓட்டல் வாடகையைக் கணக்குப் பார்ப்பதில்லை. தங்கும் அனுமதி தீரும் தேதியையும் பார்ப்பதில்லை. அதே பாஸ்போர்ட்டைத் திருச்சியிலோ மதுரையிலோ வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு வாங்கலாம்.

அங்கேயே வேலையோ படிப்போ உள்ளவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். வேலை அனுமதியோடு பாங்காக்கிலோ, குடியிருப்பு விசாவோடு துபாயிலோ இருப்பவர் அவசரச் சான்றிதழில் ஊர் வந்தால், திரும்பிப் போக மறுபடியும் விசா வேலை தொடங்கலாம். அவர்கள் அங்கிருந்தபடியே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிப்பதுதான் சரி.

4. தூதரகத்துக்குப் போகும் முன்

பாங்காக்கில் இந்தியத் தூதரகம் சுகும்வித் சாலையின் 23ஆம் சோயில், அதாவது கிளைத் தெருவில் இருக்கிறது. வடக்கே சியாங் மாயில் துணைத் தூதரகம் உண்டு. புக்கெட்டிலோ கிராபியிலோ மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் சிக்கல். உள்நாட்டு விமானத்துக்கும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். புக்கெட்டுக்கு ரயில் கிடையாது. பெயரும் படமும் தெரிந்தால் உள்நாட்டு விமானத்தில் ஏற்றிவிட வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் பாங்காக்குக்கு இரவுப் பேருந்தில் ஏறத்தாழ 12 மணி நேரம்.

கிளம்பும் முன் விடுமுறைப் பட்டியலைத் தூதரக இணையதளத்தில் பாருங்கள். இந்தியத் தூதரகங்கள் நம் தேசிய விடுமுறைகளோடு அந்த நாட்டின் முக்கிய விடுமுறைகளையும் அனுசரிக்கின்றன. சொங்க்ரானில் நனைந்த பாஸ்போர்ட்டுக்கு சொங்க்ரான் முடிந்த பிறகுதான் விடிவு. உயிர் ஆபத்து, ஊரில் மரணம் போன்ற நெருக்கடி என்றால் இணையதளத்தில் அவசர எண் இருக்கும், அதை அழைக்கலாம். “நாளை மறுநாள் டிக்கெட் போட்டுவிட்டேன்” என்பது அந்த எண்ணுக்கு உரிய காரணமல்ல.

விண்ணப்பத்தை வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்களுக்கான பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். பல நாடுகளில் விண்ணப்பத்தை வாங்குவது தூதரகம் அல்ல, வி.எஃப்.எஸ். குளோபல், பி.எல்.எஸ். இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்களின் மையங்கள். ஆனால் அவசரச் சான்றிதழைப் பல இடங்களில் தூதரகமே நேரடியாகக் கையாளும். எங்கே போகவேண்டும் என்பதைத் தூதரகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். தேடினால் முதலில் வரும் “உடனடிப் பாஸ்போர்ட் உதவி” விளம்பரங்கள் இடைத்தரகர்களுடையவை.

எடுத்துப்போக வேண்டியவை:

சேதமடைந்த பாஸ்போர்ட், அதன் துண்டுகள் உட்பட. தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த நகல், இருந்தால். இல்லாவிட்டால் பழைய விசா விண்ணப்பம், டிக்கெட் வாங்கியபோது பயண ஏஜென்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் படம் ஆகியவற்றில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில் இருந்தால் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. ஆனால் இவர்தான் அவர் என்று காட்ட உதவும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகலும் இருக்கட்டும். பிறந்த தேதிக்காக மட்டுமல்ல: பாஸ்போர்ட் முழுவதும் கெட்டுப்போயிருந்தால், சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத (இ.சி.என்.ஆர்.) பிரிவில் நீங்கள் இருந்தீர்கள் என்று மறுவெளியீட்டின்போது காட்டவும் அது பயன்படும். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தாய்லாந்தில் நுழைந்ததற்கான ஆதாரம்: முத்திரைப் படம், போர்டிங் பாஸ், வருவதற்கு முன் நிரப்பிய மின்னணு வருகை அட்டையின் நகல். 2025 மே 1 முதல் அந்த அட்டை கட்டாயம் என்பதால் மின்னஞ்சலில் இருக்கும். ஊர் திரும்பும் டிக்கெட்டும் வேண்டும்.

புகைப்படத்தில் பலர் சறுக்குகிறார்கள். 2025 செப்டம்பர் முதல் இந்தியத் தூதரகங்கள் ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் படம் கேட்கின்றன: வெள்ளைப் பின்னணி, படத்தின் பெரும்பகுதியை நிரப்பும் முகம், கண்ணாடி கழற்றியிருக்க வேண்டும், நிழல் கூடாது. ஓட்டல் சுவர் முன் கைபேசியில் எடுத்தது தேறாது. தூதரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டூடியோவிலேயே எடுங்கள். எந்த நாட்டுத் தூதரகத்துக்கு என்று சொன்னால் போதும், அவர்களுக்கு அளவு தெரியும்.

5. எப்படிச் சேதமானது என்ற கடிதம்

விண்ணப்பத்தின் மையம் இதுதான். இதைத்தான் பலரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். “தற்செயலாகச் சேதமடைந்துவிட்டது” என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. என்று, எந்த இடத்தில், என்ன நடந்தது, எந்தப் பக்கங்கள் கெட்டன, பிறகு என்ன செய்தீர்கள் என்று ஐந்தாறு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். “ஏப்ரல் 14 மதியம் சீலோம் சாலையில் சொங்க்ரான் கொண்டாட்டத்தில் இருந்தேன். இடுப்புப் பைக்குள் தண்ணீர் புகுந்தது. விவரப் பக்கத்தின் உறை உயர்ந்து, 3 முதல் 9 வரையிலான பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரிக்க முயலவில்லை” என்ற அளவுக்குத் துல்லியம் இருந்தால், பாஸ்போர்ட்டைப் பார்ப்பவருக்குக் கடிதமும் சேதமும் பொருந்துவது தெரியும். தூதரகமே இதற்குப் படிவம் வைத்திருந்தால் அதில் இதையே எழுதுங்கள்.

பொய் எழுதாதீர்கள். பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே தவறான தகவல் தருவதும், அதில் உள்ள பதிவுகளை மாற்றுவதும் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது காகிதச் சட்டம் மட்டும் அல்ல. பாங்காக்கும் மாலத்தீவும் போய்வந்தது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று முத்திரை விழுந்த பக்கங்களைக் கிழித்துவிட்டு, மும்பை விமான நிலையத்தில் கைதானவர்கள் இருக்கிறார்கள். மனைவியிடம் பட்டிருக்க வேண்டியதைக் காவல் துறையிடம் பட்டார்கள். பக்கம் கிழிந்த பாஸ்போர்ட் என்றாலே அதிகாரிகளின் புருவம் ஏறுவதற்கு இவர்களும் ஒரு காரணம். குழந்தை கிழித்தது என்றால் குழந்தை கிழித்தது என்றே எழுதுங்கள். அவர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான்.

காவல் நிலையப் பதிவு தேவையா? திருட்டு, தீ, விபத்து, வெள்ளம் ஆகியவற்றால் நேர்ந்திருந்தாலோ பக்கங்கள் காணாமல் போயிருந்தாலோ கட்டாயம் எடுங்கள். வெறுமனே நனைந்ததற்குச் சில தூதரகங்கள் கேட்கும், சில கேட்காது. விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல் துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். காப்பீடு எடுத்திருந்தால் இந்தப் பதிவும் கட்டண ரசீதுகளும் அங்கேயும் தேவைப்படும். பாலிசியை மட்டும் நன்றாகப் படியுங்கள்: பாஸ்போர்ட் தொலைவதற்கு இழப்பீடு என்றிருக்கும், சேதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

6. குழந்தையின் பாஸ்போர்ட் என்றால்

சிறார் விண்ணப்பத்துக்குத் தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும். அதற்கான உறுதிமொழிப் படிவம் இணைப்பு ‘டி’. அம்மா குழந்தையோடு பாங்காக்கில், அப்பா கோயம்புத்தூரில் என்றால், அப்பாவின் கையெழுத்தும் அவருடைய பாஸ்போர்ட் நகலும் வந்து சேர வேண்டும். தூதரகம் மின்னஞ்சல் நகலை ஏற்குமா என்பதை முதல் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். குடும்பத்தில் ஒருவருடைய பாஸ்போர்ட் மட்டும் கெட்டிருந்தாலும், நேரில் போகும்போது எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப்போவது நல்லது.

7. கட்டணமும் காத்திருப்பும்

சேதத்துக்குக் கட்டணம் இரட்டிப்பு. இந்தியாவில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணமாக 1,500 ரூபாய் என்றால், சேதமடைந்ததற்குப் பதிலாக வாங்க 3,000. பாஸ்போர்ட் விதிகளின் அட்டவணையில் வெளிநாட்டுக் கட்டணம் டாலரில் இருக்கிறது: சாதாரணமாக 75, சேதத்துக்கு 150. அவசரச் சான்றிதழுக்கு 15 டாலர்தான். இவற்றை அந்த நாட்டு நாணயத்தில் கட்டவேண்டும். இந்தியச் சமூக நல நிதிக்கான சிறு தொகையும், இடையில் நிறுவனம் இருந்தால் அதன் சேவைக் கட்டணமும் சேரும். வங்கி அட்டை வேலை செய்யாமல் போகலாம். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

அந்தச் சமூக நல நிதி 2009இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டில் உண்மையிலேயே கையறுநிலையில் இருக்கும் இந்தியர்களுக்கு உதவத்தான் அது இருக்கிறது. பணமெல்லாம் பறிபோய் நிற்பவர்கள் தயங்காமல் கேட்கலாம். விண்ணப்பம் நகராமல் கிடந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். அது எந்தத் தூதரகத்துக்குப் போனது, என்ன பதில் வந்தது என்பதை அங்கேயே பார்க்கலாம்.

8. கையில் சான்றிதழ் வந்தாயிற்று, இன்னும் கிளம்ப முடியாது

பலரும் தவறவிடுகிற படி இது. அவசரச் சான்றிதழ் இந்தியா கொடுத்தது. நீங்கள் தாய்லாந்துக்குள் முறையாக வந்தீர்கள் என்பதற்கான முத்திரையோ பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது. புதிய ஆவணத்தில் அந்த முத்திரை இல்லை. அதை மாற்றிப் பதியும் வேலையைத் தாய்லாந்துக் குடிவரவு அலுவலகம் செய்யவேண்டும். பாங்காக்கில் இது செங் வத்தனா பகுதியில் உள்ள அரசு அலுவலக வளாகத்தில் நடக்கிறது. நகர மையத்திலிருந்து தொலைவு. ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். சேதமான பாஸ்போர்ட், அவசரச் சான்றிதழ், தூதரகத்தின் கடிதம், நுழைவு முத்திரையின் படம், எல்லாவற்றுக்கும் நகல்கள் இருக்கட்டும். ஆகவே தூதரகத்தில் சான்றிதழ் வாங்கும்போதே, குடிவரவுத் துறைக்குக் கடிதம் தருவார்களா என்றும் கேளுங்கள். பழைய பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்துக்கொள்வதாக இருந்தால் முத்திரைப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கும் அனுமதி இடையில் தீர்ந்துவிட்டால் அபராதம் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட். பாஸ்போர்ட் கெட்டது அதற்கு விலக்கு அல்ல. அதனால் தேதி நெருங்குகிறது என்றால் குடிவரவு அலுவலகத்தில் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

மலேசியாவில் இதே கட்டத்தில் குடிவரவுத் துறையிடம் சிறப்பு பாஸ் வாங்க வேண்டும். சிங்கப்பூரில் ஐ.சி.ஏ. எனப்படும் குடிவரவு ஆணையத்திடம் போகவேண்டும். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றுதான்: உள்ளே வந்ததன் பதிவையும் வெளியே போகும் ஆவணத்தையும் இணைப்பது.

9. டிக்கெட்

அவசரச் சான்றிதழில் இணைப்பு விமானம் வேண்டாம். திருச்சிக்காரர்கள் பலர் கோலாலம்பூர் வழியாகப் பாங்காக் போவார்கள். திரும்பும் டிக்கெட்டும் அதே வழியில்தான் இருக்கும். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் கோலாலம்பூரில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டும். இந்தியாவுக்கு மட்டுமே செல்லும் ஆவணத்தை வைத்து மலேசியாவுக்குள் நுழைய நினைப்பது வீண் முயற்சி. அதற்கும் முன்பே பாங்காக் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். பழைய டிக்கெட் போனால் போகட்டும் என்று பாங்காக்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் பிடியுங்கள். அங்கிருந்து திருச்சிக்கு ரயிலோ பேருந்தோ இருக்கவே இருக்கிறது.

பதிவு செய்தபின் விமான நிறுவனத்தை அழைத்து, பயண ஆவண எண்ணை மாற்றச் சொல்லுங்கள். இணையவழிச் செக்-இன் வேலை செய்யாமல் போகலாம். நான்கு மணி நேரம் முன்பாகவே போய்விடுங்கள். கவுன்டரில் இருப்பவர் அவசரச் சான்றிதழை அதிகம் பார்த்திருக்க மாட்டார், மேலாளரைக் கூப்பிடுவார், அவர் கணினியில் பார்ப்பார். அந்தக் கணினியில் இருப்பது எந்த நாடு எந்த ஆவணத்தை ஏற்கும் என்று சொல்லும் டைமாடிக் தரவுத்தளம். பதற்றப்படாமல் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. சென்னையில் இறங்கிய பிறகு

குடிவரவுக் கவுன்டருக்குப் போகும் முன் அவசரச் சான்றிதழின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துவிடுங்கள். அங்கே அதை வாங்கி வைத்துக்கொண்டாலும் உங்களிடம் நகல் இருக்கும். பாஸ்போர்ட் அலுவலகம் அதைக் கேட்கும்.

பிறகு மறுவெளியீட்டு விண்ணப்பம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நான்கு இடங்களில் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகங்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் காரணம் ‘சேதமடைந்த பாஸ்போர்ட்’ என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். ‘பக்கம் தீர்ந்தது’ என்றோ ‘தொலைந்தது’ என்றோ போட்டுக் கட்டணத்தையோ கேள்வியையோ தவிர்க்கப் பார்த்தால் சேவை மையத்தில் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். இணைப்பு ‘எஃப்’ என்னும் உறுதிமொழிப் பத்திரம் தேவை. அதில் எழுதுவது பாங்காக்கில் எழுதிய கடிதத்தோடு ஒத்துப்போகட்டும். பகுதிச் சேதம் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய் கட்டித் தட்கலில் விண்ணப்பிக்கலாம். முழுச் சேதத்துக்குத் தட்கல் கிடையாது. சந்தேகங்களுக்கு 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

கடைசியாக, பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாக்கள். அமெரிக்க விசா ஒட்டப்பட்ட பக்கம் கெடாமல் இருந்தால் அது செல்லும். ரத்து செய்யப்பட்ட பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துப்போக வேண்டும். விசாவே நனைந்து கெட்டிருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் படிப்பவர், வேலை பார்ப்பவர் என்றால் விசா இப்போது மின்னணுக் கணக்கில் இருக்கிறது; புதிய பாஸ்போர்ட் எண்ணை அந்தக் கணக்கில் சேர்த்த பிறகே லண்டனுக்கு டிக்கெட் போடுங்கள். சேவை மையத்தில் பழைய பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போதே “இதில் செல்லுபடியாகும் விசா இருக்கிறது, திருப்பித் தாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.